எட்டும் ஒன்பதும்

குடியாத்தம்
5-8-2025

ஆம்பூர் உயர்திரு தௌசீப் அகமது அவர்களுக்கு, இதுநாள்வரை உங்கள் சிநேகிதனாக இருந்த ராஜகோபால் எழுதுவது.

போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். முடியாது. ஞாயிற்றுக்கிழமை தியேட்டரிலிருந்து வந்த கோபத்தில், ஊருக்கு வந்திருந்த என் மகன் பரத்திடம் போனைக் கொடுத்து, இந்த ஆள் நம்பரை அடைத்துவிடு என்றேன். பையன் ஒரு நொடியில் அடைத்துக் கொடுத்துவிட்டு சென்னைக்கு வண்டி ஏறிவிட்டான். அதைத் திறப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. அவனைக் கேட்டால் சிரிப்பான். அதனால் தபால் ஆபீசில் அஞ்சு கவர் வாங்கி வந்திருக்கிறேன். அஞ்சிலும் உங்களைத் திட்டுவதாக உத்தேசம்.

மரியாதை இதோடு போதும், கை வலிக்கிறது. டேய், மூன்று வாரம் பெங்களூரில் உன் மகன் ஃபைஸான் வீட்டில் இருக்கிறேன் என்றாய். சரி. மூன்று படத்தைத் தனியாகப் பார்த்தேன். ஒன்றுக்கும் கதை இல்லை, மூன்றுக்கும் சத்தம் மட்டும் ஜாஸ்தி. நாலாவது வாரம் நீ வருகிறாய் என்று தலைக்குச் சாயம் எல்லாம் அடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். நீ எனக்கு முன்னாலேயே வந்து ஓரத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாய். எழுந்திருக்கவில்லை. இடைவேளையில் டீக்கு வாடா என்றேன். நீ போ, எனக்கு வேணாம் என்றாய். இத்தனை வருஷத்தில் நீ இடைவேளை டீயை வேண்டாம் என்றது அன்றுதான்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். புது ஷூ.

நான் இன்னா வேலை பார்த்தவன் என்று மறந்துவிட்டாயா? ஷூ கம்பெனி பேக்கிங்கில் இடதும் வலதும் ஒரே அளவா, ஒரே நிறமா என்று பார்த்து, ‘ஜோடி பார்த்தது’ என்ற சீட்டில் கையெழுத்துப் போட்டுப் பெட்டிக்குள் வைத்து ரிட்டையர் ஆனவன். அந்தக் கண்ணுக்கு ஒரு பார்வை போதும். உன் காலில் இருந்தது எட்டும் எட்டும்.

உனக்கு இடது கால் எட்டு, வலது கால் ஒன்பது. எனக்கு நேர் எதிர், இடது ஒன்பது, வலது எட்டு. ஆண்டவன் நம்மை பேக்கிங் பண்ணிய அன்று ஜோடி பார்க்கிற ஆள் லீவு போலிருக்கிறது. அந்த ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ஷூ கொடுத்தபோது நாம் ரெண்டு பேரும் நொண்டிக்கொண்டே டீக்கடைக்குப் போனோமே, பெஞ்சுக்கு அடியில் ஆளுக்கு ஒரு ஷூவை மாற்றிக்கொண்டோமே. அன்றிலிருந்து எட்டில் ஒரு ஜோடி, ஒன்பதில் ஒரு ஜோடி என்று ஒரே மாதிரி வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். உன் கல்யாணம், என் கல்யாணம், ஃபைஸான் கல்யாணம், எல்லாவற்றிலும் உன் ஷூவில் பாதி என்னுடையது.

யாரோடு போய் வாங்கினாய் என்று கேட்டேன். “யாரோடயும் போகல” என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாய். திரையில் பல்பொடி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதை எட்டுக்குள் திணித்துக்கொண்டு நொண்டினாலும் நொண்டுவேன், ராஜகோபாலோடு கடைக்குப் போக மாட்டேன் என்று முடிவு பண்ணியிருக்கிறாய். எழுந்து வந்துவிட்டேன். படிக்கட்டுக்குக் கீழே நின்றேன். பின்னாலேயே வந்து கூப்பிடுவாய் என்று ஒரு பஃப்ஸை நிதானமாகத் தின்றுகொண்டு நின்றேன். பஃப்ஸ் தீர்ந்தது. நீ வரவில்லை.

இனி உன்னோடு பேச்சில்லாத,
ராஜகோபால்

அந்த வில்லன் ஹீரோவுக்கு அண்ணனா தம்பியா? நான் கேட்கவில்லை, என் வீட்டுக்காரி அம்சவேணி கேட்கிறாள்.

*

ஆம்பூர்
11-8-2025

கோபாலுக்கு சலாம்.

உன் லெட்டரை வாசலில் நின்றே படித்தேன். தில்ஷாத் பிடுங்கிப் படித்துவிட்டு, உங்களுக்கு ரெண்டு பெண்டாட்டி என்று எனக்கு முதலிலேயே யாரும் சொல்லவில்லையே என்றாள்.

வில்லன் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அப்பா. கடைசியில் ஹீரோ அவரை மன்னித்துவிடுகிறான். இத்தனை பேரைக் கொன்ற பிறகு எதற்கு மன்னிப்பு என்று பக்கத்து சீட்டுக்காரன் என்னைக் கேட்டான். அதற்குப் பதில் சொல்கிற ஆள் எழுந்து போய்விட்டார் என்றேன். நீ எழுந்து போனதும் உன் சீட்டுக்கு அவன் நகர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

ஷூ விஷயம். கால் என்னுடையது, ஷூ என்னுடையது. அதில் உனக்கு இன்னாடா பேஜார்? ஒன்றும் ஆகவில்லை. டீ வேண்டாம் என்றது சர்க்கரைக்காக. தியேட்டரில் போடுகிறது டீ இல்லை, பாயசம்.

ஃபைஸான் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கி மாட்டியிருக்கிறான். ஹீரோவின் மூக்கில் இருக்கிற முடியெல்லாம் தெரிகிறது. இனி தியேட்டர் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை நீ இங்கேயே வந்துவிடு. தில்ஷாத் சர்க்கரை இல்லாத டீ போடுவாள். உனக்குப் போடுகிறதில் சர்க்கரை போட்டுக் கொடுப்பாள்.

பக்கத்தில் உன் தம்பி வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவில் தூங்குகிறாயா? ஹரிணி கல்யாண வேலை எந்த மட்டில் இருக்கிறது? எழுது.

தௌசீப்

*

குடியாத்தம்
20-8-2025

தௌசீப்,

டிவி வேண்டாம். இங்கேயும் ஒன்று இருக்கிறது. படம் நடுவில் நின்று ஒரு வட்டம் சுற்றுகிறது. ஹீரோயின் அழும்போதுதான் சுற்றும். அதை வாங்கியது நான், விலை கம்மி என்று. இந்த வீட்டில் விலை கம்மி என்று நான் வாங்கிய எல்லாவற்றையும் அம்சவேணி ஒரு அறையில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாள். அந்த அறைக்கு என் பெயர்.

ஹரிணி கல்யாணம் ஐப்பசியில் என்று நிச்சயமாகிவிட்டது. மண்டபம் இங்கேயே பார்த்தாகிவிட்டது. முதல் நாள் சாயந்தரம் வரவேற்பு. அதற்கு நான் கோட்டு போடணுமாம். நான் வேட்டி கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “அப்பா, ஒருநாள் ஒரே ஒருநாள்” என்றாள். தையல்காரன் அளவெடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தேன். அவன் என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பான், நீங்க மூச்சு விடுங்க சார், நான் வெயிட் பண்றேன் என்று சொல்லிவிட்டான். கோட்டு வந்துவிட்டது. போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். எல்ஐசி ஏஜென்ட் மாதிரி இருக்கிறேன்.

கோட்டுக்குக் கீழே செருப்பு போடக் கூடாதாம். ஷூ வேணும். போன வாரம் நானே தனியாகப் பைபாஸ் கடைக்குப் போனேன். நீதான் தனியாகப் போகிறாயே, எனக்கு இன்னா? கருப்பில் எட்டு போட்டேன், இடது கால் உள்ளே போகவில்லை. ஒன்பது போட்டேன், வலது கால் உள்ளே திரும்பி உட்காருகிறது. எட்டில் ஒரு கால், ஒன்பதில் ஒரு கால் கொடு தம்பி என்றேன். அந்தப் பையன் என்னைக் குடிகாரன் மாதிரி பார்த்தான். முதலாளியைக் கூப்பிட்டான். முதலாளி வந்து, பெரியவரே, உட்காருங்க, தண்ணி குடிங்க என்றார். தௌசீப், நாம் ரெண்டு பேரும் சேர்ந்து போகும்போது நம்மை யாரும் பைத்தியம் என்று நினைத்தது இல்லை. ரெண்டு பேர் ஒரே மாதிரி இருந்தால் அது பைத்தியம் இல்லை போலிருக்கிறது.

சரி, நான் இறங்கி வருகிறேன். ஷூவுக்காக இல்லை. ஹரிணி பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு எனக்கு முன்னால் வந்தவன் நீ. வரவேற்பில் மேடையில் எனக்கு வலது பக்கம் நீ நிற்கணும், நானும் நீயும் ஒரே கருப்பு ஷூவில். எனக்குக் கோட்டு, உனக்கு ஷெர்வானி. போட்டோவில் இது யாரு என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், மாமா என்று அவள் சொல்லணும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்பூர் வருகிறேன். கடைக்குப் போய் எட்டும் ஒன்பதும் வாங்குவோம். வருகிறேன் என்று ஒரு வரி எழுது, போதும். தியேட்டரில் நடந்ததைப் பற்றி நான் பேச மாட்டேன். பேசினால் கொஞ்சம்தான் பேசுவேன்.

ராஜகோபால்

*

ஆம்பூர்
29-8-2025

கோபாலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, இப்போது எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ஹரிணி சேதி சந்தோஷம். தில்ஷாத் அன்றைக்கு முழுக்க அதையே பேசினாள். குழந்தைக்கு என் துவா எப்போதும் உண்டு.

ஷூ எனக்கு வேண்டாம். நீ ரெண்டு ஜோடியும் வாங்கிக்கொள். உன் காலுக்கு ஆனதை எடுத்துக்கொண்டு மீதியை யாருக்காவது கொடுத்துவிடு. கல்யாணத்துக்கு வருகிறேன். கீழே ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவேன். மேடை ஏறச் சொல்லாதே. இந்த ஒன்று மட்டும் கேட்காதே.

தௌசீப்

*

குடியாத்தம்
3-9-2025

தௌசீப் அகமது,

மீதியை யாருக்காவது கொடுக்கணுமா? இடது எட்டு, வலது ஒன்பது. அந்தக் காலோடு இந்த ஜில்லாவில் நான் பார்த்த ஆள் நீ ஒருத்தன்தான்.

உன் லெட்டர் வருவதற்கு முன்னாலேயே ஞாயிற்றுக்கிழமை நான் ஆம்பூர் வந்தேன், தெரியாத மாதிரி எழுதுகிறாய். பதில் தபாலில் தாமதமாகிறது என்று நானே நினைத்துக்கொண்டு வந்தேன். உன் வீட்டுத் தெருமுனை வரை வந்தேன். நீ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். அந்த ஷூவோடு. வீட்டு வாசலில் உட்காரும்போதுகூட அந்த ஷூ. என்னைப் பார்த்தாய். பார்த்ததும் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாய். என் கண் பட்டால் தேய்ந்துவிடுமா? அப்படியே திரும்பி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பேர்ணாம்பட்டு பஸ்ஸில் தப்பாக ஏறி, சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். கோபத்தில் போர்டு பார்க்கவில்லை.

இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. என் மகளோடு மேடையில் நிற்கக் கூசுகிறவன் கீழேயும் உட்கார வேண்டாம். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போக எனக்கு நிறைய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நீ வராதே.

ராஜகோபால்

*

ஆம்பூர்
10-9-2025

என் தோஸ்த் கோபாலுக்கு,

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று தில்ஷாத், நீங்க எழுதலைன்னா நான் அம்சவேணிக்கு போன் பண்றேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் அழுதுகொண்டே சொல்லுவாள். அதற்கு நானே எழுதிவிடுகிறேன்.

உன் கண்ணில் தப்பே இல்லை. எட்டும் எட்டும்தான்.

மே மாசம் வலது கால் கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. சர்க்கரைக்காரன் கால், வலி தெரியவில்லை. தெரிந்தபோது கறுத்துப்போயிருந்தது. ஜூலையில் வேலூர் ஆஸ்பத்திரியில் கட்டைவிரலையும் பக்கத்தில் இருந்த ரெண்டையும் எடுத்துவிட்டார்கள். நான் பெங்களூரே போகவில்லை. அந்த மூன்று வாரமும் வேலூரில்தான் கிடந்தேன். இந்த ஷூ கடையில் வாங்கியது இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்தது. உள்ளே மெத்தை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள்ளும் இதைப் போட்டுத்தான் நடக்கணும், வெறுங்காலோடு கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதாக இருந்த கால் எட்டுக்குள் அடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அன்றைக்குத் தியேட்டருக்கு அரை மணி முன்னாலேயே ஃபைஸான் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன், நீ பார்க்கக் கூடாது என்று. நீ எழுந்து போனதும் நானும் வந்தேன்டா. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் இறங்கினேன். நீ கீழே முதுகைக் காட்டிக்கொண்டு பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தாய். கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் திரும்புவாய். திரும்பினால் மீதிப் படியை உன் கண்ணெதிரில் நொண்டி நொண்டி இறங்கணும். மூடிக்கொண்டேன்.

மேடைக்கும் படி இருக்கிறது. அதனால்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ முதலில் வலிக்குதா என்று கேட்பாய். பிறகு ஏதாவது கிண்டல் பண்ணுவாய். பிறகு வீட்டுக்குப் போய் உன் இடது காலைப் பார்த்துக்கொண்டு, இனிமேல் இதுக்கு யாருடா ஜோடி என்று உட்கார்ந்திருப்பாய். அந்த நாளைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று பார்த்தேன். அதற்குள் உன் கண் பார்த்துவிட்டது. அந்தக் கண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதற்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேனே, புத்தி கம்மி.

வராதே என்று எழுதிவிட்டாய். வர மாட்டேன். குழந்தை நன்றாக இருக்கட்டும்.

தௌசீப்

*

குடியாத்தம்
19-9-2025

தௌசீப்,

வலிக்குதா?

நீ எழுதியபடியே முதலில் அதைத்தான் கேட்டிருக்கிறேன். ரெண்டாவதாகக் கிண்டல் பண்ணணும். ரெண்டு நாளாக யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடு. மூன்றாவதாக நீ எழுதியது தப்பு. என் இடது காலை நான் பார்க்கவே இல்லை. சாமி ரூமில் உட்கார்ந்து பொய் எழுத வரவில்லை. பார்த்தேன். அம்சவேணி வந்து, காலில் இன்னா என்றாள். தூசி என்றேன். அவள் உன் லெட்டரைப் படித்து முடித்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

கோபம் போகவில்லை. அதை நன்றாகத் தெரிந்துகொள். வேலூருக்கும் இந்த ஊருக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நீ கட்டிலில் கிடந்தபோது நான் இங்கே தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். மூன்று படம் பார்த்தேன், அதுவும் அந்த மாதிரிப் படம். எனக்கு வேலை இல்லை என்று உனக்குத் தெரியும். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பழத்தை நானே தின்றிருப்பேனே. இதற்கென்று ஒரு சண்டை தனியாக இருக்கிறது. அஞ்சு கவரில் ஒன்றை அதற்கு மீதி வைத்திருக்கிறேன்.

இப்போது காரியம். செவ்வாய்க்கிழமை ஆம்பூரில் கடைக்குப் போனேன். உன் தெருப் பக்கம் வரவில்லை, பயமாக இருந்தது. கருப்பில் எட்டு ஒரு ஜோடி, ஒன்பது ஒரு ஜோடி, ஒரே மாதிரி வாங்கினேன். இடது ஒன்பதும் வலது எட்டும் எனக்கு. மீதியை எடுத்துக்கொண்டு மறுநாள் வேலூருக்குப் போய், அந்த ஆஸ்பத்திரியில் ஷூ செய்கிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். அங்கே ஒரு பெண் இருந்தது. வலது ஒன்பதை மேஜைமேல் வைத்து, இந்தக் கால்காரனுக்கு முன்னால் மூன்று விரல் இல்லை, இதையே போட முடியுமா என்று கேட்டேன். விரல் இருந்த இடத்துக்கு மெத்தென்று ஒன்று செய்து வைக்கலாமாம். பழைய அளவையே போடலாமாம். ஆனால் அவர்கள் காலைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான், அதுவும் கொஞ்ச நேரம்தான், ஊர் சுற்றக் கூடாது என்றது. அளவு எனக்கு மனப்பாடம், நான் சொல்கிறேனே என்றேன். “காலைக் கொண்டு வாங்க சார்” என்றது. என் காலைக் காட்டவா என்றேன். போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டது.

வருகிற திங்கட்கிழமை உனக்கு அங்கே நேரம் வாங்கியிருக்கிறேன். காலையில் காரோடு உன் வாசலுக்கு வருவேன். நீ நாற்காலியில் உட்கார்ந்திரு. என்னைப் பார்த்ததும் காலை உள்ளே இழுத்தாயானால், உன் பேரப்பிள்ளைகள் முன்னாலேயே உதைப்பேன், எட்டு எந்தக் கால் ஒன்பது எந்தக் கால் என்று பார்க்க மாட்டேன். நீ நொண்டுவதை நான் பார்ப்பேன். கம்பெனி ஷூவில் நாம் நொண்டியதை டீக்கடை முழுக்கப் பார்த்தது, உனக்கு அப்போது வெட்கம் வரவில்லை.

மேடை விஷயம் ஹரிணியிடம் சொன்னேன். அவள் என்னைப் போல யோசிக்கவில்லை. “மேடைன்னா உசரமாத்தான் இருக்கணுமாப்பா? தரையிலேயே நின்னுக்கிறோம்” என்றாள். மண்டபக்காரர் முணுமுணுத்தார். மேடையில் சாமி படத்தையும் பூவையும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம். மனுஷர்கள் எல்லாம் கீழே. மாப்பிள்ளை வீட்டார், இது புது மாதிரி டெக்கரேஷனா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தியேட்டரில் இனி ஓரத்து சீட்டு உனக்கு. டீயை நான் கொண்டுவந்து கொடுப்பேன், சர்க்கரை இல்லாமல். எனக்கும் அதேதான் என்று அம்சவேணி இங்கே நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம்பர் இன்னும் அடைத்துத்தான் இருக்கிறது. பரத் தீபாவளிக்கு வந்தால்தான் திறக்கும். தில்ஷாத் கூப்பிட்டால் அம்சவேணியும் எடுக்க மாட்டாளாம். அதனால் திங்கட்கிழமை வர முடியாது என்று சொல்ல உனக்கு வழியே இல்லை. நீ போடுகிற தபாலும் அதற்குள் வராது.

உன் பங்கை அதன் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். ஒரு கால் எட்டு, ஒரு கால் ஒன்பது. கம்பெனியில் இந்த மாதிரிப் பெட்டி என் கைக்கு வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன், ஒரு ஆளுக்குத் திட்டு விழுந்திருக்கும். இதற்கு உள்ளே சீட்டு எழுதி வைத்துவிட்டேன்.

ஜோடி பார்த்தது,
ராஜகோபால்